‘நல்லாத்தான் இருக்கான்’: வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் கடலூர்ப் பெற்றோரின் கூடுகை – ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்ட் மாதம் தொடங்கி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில், வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கும் எட்டுக் குடும்பங்களின் பெற்றோர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் கூடி வருகிறோம். எட்டுப் பிள்ளைகளில் மூவர் ஜெர்மனியிலும் இருவர் கனடாவிலும் இருக்கிறார்கள். பிரான்ஸ், பிரிட்டன், ஜார்ஜியா ஆகிய நாடுகளில் ஒவ்வொருவர். ஜெர்மனியில் இருக்கும் மூவரில் ஒருத்தி என் மகள். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், கூடுகையில் யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தொடக்கம் முதலே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்திருக்கிறேன். இந்த ஆய்வுக்கு முதன்மையான ஆதாரம் அந்த நோட்டுதான்.

இதில் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு மாணவருக்கு நேர்ந்தது. 2024ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் அவர் படிப்பையும் உடல்நலத்தையும் இழந்துவிடும் நிலைவரை போய்விட்டார். அதே ஐந்து மாதங்களில் எங்கள் நோட்டில் அவர் பெயருக்கு நேரே ஒவ்வொரு முறையும் ‘நன்றாக இருக்கிறார்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவள் நான். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே கூடிய பெற்றோரின் கண்ணுக்கு இது எப்படித் தப்பியது, எங்கள் பேச்சில் இருந்த எந்த வழக்கம் இதை மறைத்தது என்பதைத் தேதிவாரியாகத் தேடிப் பார்ப்பதே இங்கே என் வேலை. மாணவரும் அவருடைய பெற்றோரும் இதை எழுத ஒப்புக்கொண்டார்கள். பெயர், படிக்கும் நகரம், பல்கலைக்கழகம் ஆகியவை வேண்டாம் என்று மாணவர் கேட்டுக்கொண்டதால் அவற்றைச் சொல்லவில்லை.

குடும்பமும் கடனும்

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்த மாணவரின் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் முந்திரிக் கொல்லை இருக்கிறது. தந்தை முந்திரிக்கொட்டை வாங்கி உடைத்துப் பருப்பாக விற்கும் சிறு தொழிலும் செய்கிறார். 2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்த வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன; அவர்கள் கொல்லையில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. அப்போது மாணவருக்குப் பதினோரு வயது. சாய்ந்த மரங்களை விறகுக்கு விற்று, ஒட்டுக்கன்று நட்டு, அவை காய்ப்புக்கு வரும்வரை கூலி வேலைக்கும் போய் மீட்டெடுத்த நிலம் அது. அதைத்தான் 2023இல் வங்கியில் அடமானமாக வைத்து, பி.இ. முடித்திருந்த மகன் ஜெர்மனியில் முதுகலை படிப்பதற்காக 20 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கினார்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதால் ‘செலவில்லாத படிப்பு’ என்ற பேச்சு நம் ஊர்களில் பரவியிருக்கிறது. ஆனால் விசா கேட்கும் மாணவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணத்தை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2023இல் அந்தத் தொகை 11,208 யூரோ, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 10 லட்சம் ரூபாய். அங்கே போன பிறகு அதிலிருந்து மாதம் 934 யூரோதான் எடுக்க முடிந்தது. இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றும் 2022 நவம்பர் முதல் கட்டாயமாகியிருந்தது. சான்றுக்கும் விசாவுக்கும் காத்திருந்ததில் நாள் கழிந்து, வகுப்புகள் தொடங்கி மூன்று வாரம் ஆன பிறகு, நவம்பர் 3 அன்றுதான் அவர் போய்ச் சேர்ந்தார். புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரம் முடிந்திருந்தது. விடுதியில் இடம் இல்லை. ஒருவர் உள்வாடகைக்கு விட்ட அறையில் மாதம் 430 யூரோ கொடுத்துத் தங்கினார். அந்த முதல் மூன்று வாரங்களில் மற்ற மாணவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டு, கூட்டாகப் படிக்கும் குழுக்களாகச் சேர்ந்துவிட்டிருந்தார்கள் என்பது எங்களுக்கு மிகவும் பின்னால்தான் தெரிந்தது. ‘விசா லேட்டாச்சு, ஆனா போய்ச் சேர்ந்துட்டான்’ என்று தந்தை சொன்னதை நோட்டில் நல்ல செய்தியாகவே பதிந்திருக்கிறேன்.

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அது அசலோடு சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக மாதம் ஏறத்தாழ 17,000 ரூபாயைத் தந்தை அவ்வப்போதே கட்டி வந்தார். ஒவ்வொரு மாதமும் கட்டிய அன்று மகனிடம் தொலைபேசியில் சொல்வார்: “இந்த மாச வட்டிய கட்டிட்டேன்பா, நீ ஒண்ணும் யோசிக்காத.” மகன் மனம் லேசாக வேண்டும் என்பதற்காகவே அதைச் சொன்னதாக அவர் என்னிடம் கூறினார், அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. மகனுக்கோ அது மாதாமாதம் வந்து சேர்ந்த பற்றுச்சீட்டாக இருந்திருக்கிறது. “எவ்வளவு கட்டினாங்கன்னு கணக்குப் போட்டுட்டே இருப்பேன் டீச்சர். பரீட்சைக்குப் படிக்க உக்காந்தாக்கூட அந்தத் தொகைதான் முதல்ல வரும்” என்று பின்னாளில் அவர் என்னிடம் சொன்னார். ஒரே வாக்கியம் இரண்டு முனைகளில் இப்படி வேறு வேறு பொருள் கொண்டதை, அந்த வாக்கியத்தைப் பேசியவரோ கேட்டவரோ ஏழு மாதம் அறியவில்லை.

கூடுகையில் பேசியவை

எங்கள் கூடுகையால் பயன் இல்லாமல் போகவில்லை. கனடாவுக்கு விண்ணப்பிப்போர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 10,000 டாலரிலிருந்து 2024 ஜனவரி 1 முதல் 20,635 டாலராக உயர்ந்ததை நெய்வேலிக் குடும்பம் சொல்லித்தான் மற்றவர்கள் அறிந்தோம். கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டியை வருமான வரியில் 80இ பிரிவின்கீழ் கழித்துக்கொள்ளலாம் என்பதும், வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் வங்கி பிடிக்கும் வரியைப் பின்னால் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம் என்பதும் அங்கே பேசப்பட்டவைதான். பணமும் தாளும் சம்பந்தப்பட்ட எதையும் நாங்கள் நன்றாகப் பேசினோம்.

பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வேறு விதமாக நடந்தது. சுண்டல் தட்டோடு கைப்பேசி கைமாறும். பனி கொட்டிய தெருவில் நிற்கும் படம், புதுக் குளிர்ச்சட்டை, பல்கலைக்கழக வாசல். பிறகு மதிப்பெண், பகுதிநேர வேலை, வேலைக்குத் தரும் கூலி. ஒவ்வொருவரும் ‘நல்லாத்தான் இருக்கான்’ என்றோ ‘நல்லாருக்கா’ என்றோ முடிப்பார்கள். நான் அதை எழுதுவேன். நோட்டின் முதல் பத்து மாதப் பக்கங்களை இப்போது எண்ணிப் பார்த்தால், எட்டுப் பிள்ளைகளில் ஒருவரைப் பற்றியேனும் ‘கஷ்டப்படுகிறார்’ என்ற சொல் இரண்டே இடத்தில் வருகிறது. இரண்டும் குளிரைப் பற்றியவை. ஒரு குடும்பம் நல்ல செய்தி சொன்னால் அடுத்த குடும்பமும் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம், யாரும் விதிக்காமலே, அந்த மாடியில் இருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் அதே செய்திகள் பிள்ளைகளுக்குப் போயின. ‘டீச்சர் பொண்ணு பாரு, நல்ல மார்க் வாங்கியிருக்காம்’ என்று பண்ருட்டித் தந்தை மகனிடம் சொல்லியிருக்கிறார். என் மகளுடைய மதிப்பெண்ணைக் கூடுகையில் சொன்னவள் நான்தான்.

இதற்கு விலக்காக இருந்தவர் புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து பேருந்தில் வரும் தாய் ஒருவர். புதுச்சேரியின் பல குடும்பங்களைப் போல அவருடைய குடும்பத்துக்கும் பிரான்ஸ் மூன்று தலைமுறைப் பழக்கம். 1962இல், புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர் அவருடைய தாத்தா. அண்ணன் பாரிஸின் புறநகரில் இருக்கிறார். மகனைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அவர் மதிப்பெண் சொல்வதில்லை. ‘செவ்வாய்க்கிழமை சந்தையில பூசணிக்கா வாங்கினானாம், பாதிய எதிர் ரூம் பையனுக்குக் குடுத்தானாம், ரெண்டு பேரும் துணி துவைக்கப் போனாங்களாம்’ என்ற விதமாகச் சொல்வார். அதை நான் எழுதவே இல்லை. எழுதத் தக்க செய்தியாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய அம்மா, தம்பிகளை அந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த காலத்தில், ‘சாப்பிட்டியான்னு கேட்டா சாப்பிட்டேன்னுதான் எழுதுவான், யார்கூட சாப்பிட்டேன்னு கேளு’ என்று சொல்லிக் கொடுத்தாராம்.

5.0

2024 மார்ச் 10, கூடுகை. குளிர்காலப் பருவத் தேர்வுகள் முடிந்திருந்தன. பண்ருட்டித் தந்தை வந்ததும் இனிப்புப் பெட்டியைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தார். “ரெண்டு பாடத்துல அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்கான் டீச்சரம்மா. 5.0ன்னு போட்டிருக்காம். இன்னொன்னுல 3.7.”

ஜெர்மன் முறையில் எண் குறையக் குறைய மதிப்பெண் உயர்வு. 1.0 மிகச் சிறப்பு, 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை, 5.0 என்றால் தோல்வி. நம் பொறியியல் கல்லூரிகளில் பத்துக்கு எத்தனை என்று பார்த்துப் பழகியவர், 5.0ஐ ஐந்துக்கு ஐந்து என்று எடுத்துக்கொண்டது இயல்பு. எனக்கு அதன் பொருள் தெரியும், ஏனென்றால் என் மகள் முதல் பருவத்திலேயே விளக்கியிருந்தாள். நெய்வேலித் தந்தைக்கும் தெரியும். அவருடைய இளைய மகன் ஜெர்மனியில்தான் படிக்கிறார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவரும் இனிப்பை வாங்கிக்கொண்டோம்.

அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழு குடும்பங்களின் முன்னால், இனிப்போடு வந்த ஒரு தகப்பனைத் திருத்துவது அவமதிப்பு என்று நினைத்தேன். மகன் எப்படியும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். முதல் பருவத்தில் ஒன்றிரண்டில் தவறுவது அங்கே வழக்கம்தானே என்று நினைத்தேன், அது உண்மையும்கூட. ஆனால் வகுப்பறையில் 33 ஆண்டுகள் நின்ற எனக்கு, தவறான விடையைச் சரி என்று விட்டுவிட்டால் அடுத்த கணக்கு என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். என் மகள் நல்ல மதிப்பெண் வாங்கியது அந்த மாடியில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது என்பதும் என் வாயை அடைத்தது. நான் திருத்தினால் அது ஒப்பீடாகவே கேட்டிருக்கும். மரியாதை என்று நாங்கள் இருவரும் கருதிய அந்த மௌனம் இரண்டு மாதம் நீடித்தது. பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறை மட்டுமே எழுதலாம், மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கப்படுவார்கள் என்பதைக் கணக்கில் கொண்டால், அந்த இரண்டு மாதம் சிறிய காலம் இல்லை.

மாணவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். எண்களை அவர் உள்ளபடியே சொல்லியிருக்கிறார். “அப்பா கேப்பாரு, இல்லன்னா கூடுகையில யாராவது சொல்லிடுவாங்க, அதுக்கப்புறம் நான் பேசிக்கலாம்னு இருந்தேன். அப்பா சிரிச்சாரு. எனக்குப் பேச்சு வரல.” நான்கு தேர்வுகளுக்குப் பதிவு செய்து, ஒன்றில் தேறி, இரண்டில் தவறி, நான்காவதுக்கு அவர் போகவே இல்லை. அன்று படுக்கையிலிருந்து எழ முடியவில்லையாம்.

ஏப்ரல் கூடுகைக் குறிப்பில் ‘மகன் மாதம் 150 யூரோ வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்’ என்று இருக்கிறது. நாங்கள் கைதட்டினோம். ஜனவரி முதலே அவர் சரக்குக் கிடங்கு ஒன்றில் வாரம் இரண்டு இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாணவர்களுக்குச் சட்டம் அனுமதித்த அளவுக்குள்தான். ஆனால் அந்த இரண்டு இரவுகள் மீதி ஐந்து நாள் தூக்கத்தையும் குலைத்தன. டிசம்பர், ஜனவரியில் அங்கே காலை எட்டு மணிக்குமேல் விடிந்து மாலை நான்கு மணி வாக்கில் இருட்டிவிடும். நம் கடலூரில் டிசம்பரிலும் பகல் பதினோரு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. இரவு வேலை முடிந்து பகலில் தூங்குபவர், அந்த மாதங்களில் வெளிச்சத்தையே பார்க்காமல் ஒரு வாரத்தைக் கழித்துவிட முடியும்.

செய்தித்தாள் சுற்றிய குக்கர்

தாய் தினமும் இரவு ஒன்பது மணிக்கு அழைப்பார். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றியபின் மூன்றரை மணி நேரம். அங்கே மாலை நாலரை, ஐந்தரை. அந்த நேரத்தில் மகன் முகம் எப்போதும் அப்போதுதான் எழுந்த முகமாக இருந்ததை அவர் கவனித்தார். ராத்திரி கண் விழித்துப் படிக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மே முதல் வாரத்தில் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது மகன் கையிலிருந்து கைப்பேசி சரிந்து, அறையின் மூலை இரண்டு மூன்று நொடி தெரிந்தது. அங்கே, மூடிய பெட்டிக்குப் பக்கத்தில், அவர் பண்ருட்டிக் கடையில் வாங்கிக் கொடுத்தனுப்பிய மூன்று லிட்டர் அலுமினியக் குக்கர், அவர் சுற்றிய செய்தித்தாளோடு அப்படியே இருந்தது. தீபாவளித் துணிக்கடை விளம்பரத்துச் சிவப்புப் புடவையை அவருக்கு அடையாளம் தெரிந்தது. பெட்டியின் எடைக்காக இரண்டு முறை எடுத்து, இரண்டு முறை திரும்ப வைத்து, அந்தத் தாளைத் தன் கையால் சுற்றியவர் அவர். கட்டியிருந்த சணல்கூட அவிழவில்லை.

“இன்னிக்கு என்னப்பா சமைச்ச?” என்று கேட்டார்.

“சாம்பார் வச்சேம்மா.”

“குக்கர்லயா?”

“ஆமாம்மா.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. மே 12 கூடுகை முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, மாடிப்படியில் செருப்பை மாட்டியபடியே என்னிடம் சொன்னார்: “டீச்சரம்மா, அவன் பொய் சொல்ற புள்ள இல்ல. ஆனா அந்தக் குக்கர இன்னும் பிரிக்கவே இல்ல. ஆறு மாசமா என்னத்தத் தின்னுக்கிட்டு இருந்திருப்பான்?”

படியிலேயே உட்காரவைத்து 5.0 என்றால் என்ன என்பதை அவருக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உங்களுக்கு மார்ச் மாசமே தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. கீழே ஸ்கூட்டரில் காத்திருந்த கணவரை மேலே கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்ட தந்தை மகனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; “அன்னிக்கு நான் சொன்னப்ப எல்லாரும் சும்மா இருந்தீங்களேம்மா” என்றார்.

மே 18க்குப் பிறகு

அன்றிரவே என் மகளிடம் பேசினோம். அவள் இருக்கும் நகரத்திலிருந்து அந்த மாணவர் இருக்கும் ஊருக்கு வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் ஆறு மணி நேரம். நாடு முழுவதும் வட்டார ரயிலுக்கும் பேருந்துக்கும் செல்லும் 49 யூரோ மாதச் சீட்டு அவளிடம் இருந்ததால் தனிச் செலவு இல்லை. அடுத்த சனிக்கிழமை, மே 18 அன்று, தோழி ஒருத்தியோடு போனாள். போவதற்கு முன் அவரிடம் உண்மையைச் சொல்லி, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். திடீரென்று போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று நாங்கள் சொன்னோம், அவள் மறுத்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி.

அறையில் ரொட்டியும் முட்டையும் இருந்தன. திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. அவர்கள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கடைக்குப் போய் அரிசி, தக்காளி, பூண்டு வாங்கி வந்து, அடுப்பில் இருந்த சாதாரணப் பாத்திரத்தில் சோறு வடித்து ரசம் வைத்தார்கள். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் பேசத் தொடங்கினாராம். நள்ளிரவு தாண்டியும் பேசியிருக்கிறார்.

மே 20 அங்கே விடுமுறை. மறுநாள் செவ்வாயன்று, மாணவர் நல அமைப்பு நடத்தும் உளவியல் ஆலோசனைக்குப் பதிவு செய்தார்கள். அது கட்டணம் இல்லாதது, அங்கே பேசுவது வெளியே போகாது. அடுத்து மருத்துவரிடம். மாணவர்கள் மாதந்தோறும் கட்டும் மருத்துவக் காப்பீட்டிலேயே இந்தச் சிகிச்சை அடங்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. செலவுக்குப் பயந்தே ஐந்து மாதம் போகாமல் இருந்திருக்கிறார். மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் கண்டறிந்தார். பிறகு துறையின் படிப்பு ஆலோசகரைச் சந்தித்தபோது, உடல்நலம் இல்லாத நிலையில் மருத்துவச் சான்றை உடனே கொடுத்துத் தேர்விலிருந்து விலகினால் அது ஒரு முயற்சியாகக் கணக்கிடப்படாது என்பது தெரியவந்தது. பிப்ரவரியில் எழ முடியாமல் கிடந்த அன்று இது அவருக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ பாரம் குறைந்திருக்கும். விசா தாமதத்தால் தவறவிட்ட அறிமுக வாரத்தில் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெற்றோர் நேரடியாகப் பல்கலைக்கழகத்தைத் தொடர்புகொள்ள முடியுமா என்று தந்தை கேட்டார். முடியாது. வயது வந்த மாணவரின் மதிப்பெண்ணையோ உடல்நலத்தையோ அவருடைய ஒப்புதல் இல்லாமல் பெற்றோரிடம் சொல்ல அங்கே தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. நம் ஊரில் வருகைப் பதிவு குறைந்தால் வீட்டுக்குக் குறுஞ்செய்தி வரும். அந்தப் பழக்கத்தில் இருக்கும் பெற்றோர், ‘ஏதாவது ஆனா காலேஜ்ல சொல்வாங்க’ என்ற நம்பிக்கையை விமானம் ஏற்றும்போதே விட்டுவிட வேண்டியிருக்கிறது.

பணத்துக்கும் வழி செய்ய வேண்டியிருந்தது. இரண்டாண்டுப் படிப்பு மூன்றாண்டாகும் என்று தெரிந்ததும், கடன் தவணை தொடங்கும் நாள் தந்தையை அச்சுறுத்தியது. நியாயமான காரணத்தால் படிப்புக் காலம் நீண்டால் அவகாசத்தை நீட்டிக்க வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இடம் உண்டு. பல்கலைக்கழகக் கடிதத்தை வைத்து விண்ணப்பித்தார், மூன்று நடைக்குப் பிறகு கிடைத்தது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க மீண்டும் ஓராண்டுச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோவாக உயர்ந்திருந்தது. அதைத் தாயின் நகையும், கூடுகையில் மூன்று குடும்பங்கள் ஆறு மாதத்துக்குக் கொடுத்த கைமாற்றும் சரிசெய்தன. இரவு வேலையை அவர் விட்டார்; மாதம் அனுப்பிய 150 யூரோ நின்றது. வட்டி கட்டிய செய்தியைத் தந்தை இப்போது சொல்வதில்லை. கட்டாயம் கேட்டால் மட்டும் சொல்கிறார்.

ஜூலையில் இரண்டே தேர்வுகளுக்குப் பதிவு செய்து, ஒன்றில் 3.0 பெற்றார், இன்னொன்றிலிருந்து மருத்துவச் சான்றோடு விலகினார். 2025 பிப்ரவரியில், முன்பு தவறிய இரண்டையும் இரண்டாம் முறை எழுதி 2.7, 3.3 பெற்றுத் தேறினார். இந்த எண்களை இங்கே எழுதலாம் என்று சொன்னது அவரேதான்.

கூடுகை மாறிய விதம்

ஜூன் 2024 கூடுகையில் நான் முதலில் பேசினேன். மார்ச்சில் தெரிந்திருந்தும் சொல்லாததை எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். நெய்வேலித் தந்தையும் சொன்னார். அதன்பின் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பிரிட்டனில் மகள் படிக்கும் நெல்லிக்குப்பத்துத் தாய், மகள் மூன்று மாதமாக வேலை கிடைக்காமல் ஒருவேளைதான் சாப்பிடுகிறாள் என்று அழுதார். பத்து மாதமாக அவரும் ‘நல்லாருக்கா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்.

அன்றிலிருந்து மதிப்பெண்ணைக் கூடுகையில் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் பிள்ளையின் ஒரு நாளைச் சொல்ல வேண்டும்: எத்தனை மணிக்கு எழுந்தார், யாரோடு பேசினார், என்ன வாங்கினார். முதலியார்பேட்டைத் தாயின் முறைதான் இது, இப்போது அதை எழுதுகிறேன். தொடக்கத்தில் பலரால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. மாதம் முப்பது முறை பேசியும் பிள்ளையின் ஒரு நாள் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. சொல்ல முடியாத பெற்றோர், வீட்டுக்குப் போய் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு பிள்ளையும், தான் இருக்கும் ஊரில் அவசரத்துக்கு அழைக்கத்தக்க இருவரின் எண்ணைத் தன் விருப்பத்தோடு கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அதோடு ஐரோப்பாவின் அவசர எண் 112, ஜெர்மனியில் இரவிலும் விடுமுறையிலும் மருத்துவரை அழைக்கும் 116117, இங்கே பெற்றோர் தாங்களே மனம் தளர்ந்துபோனால் பேசுவதற்கு மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416 ஆகியவை நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் கடைசி எண்ணைப் பண்ருட்டித் தாய் இரண்டு முறை அழைத்துப் பேசியதாகச் சொன்னார்.

இந்த முறையிலும் சிக்கல் இருக்கிறது. கனடாவில் படிக்கும் பெண் ஒருவர், தன் அறைத்தோழியோடு நடந்த சண்டையை அப்பா கூடுகையில் சொல்லிவிட்டார் என்று அறிந்து இரண்டு வாரம் அழைப்பை எடுக்கவில்லை. அவருடைய கோபம் நியாயமானது. பிள்ளை ‘அங்க சொல்லாதீங்க’ என்று சொன்னதைச் சொல்வதில்லை என்று அதன்பின் முடிவு செய்தோம். ஆனால் எது சொல்லத்தக்கது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

மாணவரின் திருத்தங்கள்

இந்த ஆய்வை எழுதி முடித்து மாணவருக்கு அனுப்பினேன். இரண்டு இடங்களில் திருத்தினார். அறையில் ரொட்டியும் முட்டையும் மட்டும் இருந்ததாக எழுதியிருந்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன முந்திரிப்பருப்பும் இருந்தது என்றும், பிப்ரவரி வரை அதைத்தான் பெரும்பாலும் தின்றதாகவும் எழுதினார்.

இரண்டாவது குக்கரைப் பற்றியது. சமைக்க மனமில்லாமல் குக்கரைப் பிரிக்காமல் வைத்திருந்தார் என்று நாங்கள் எல்லாரும், அவருடைய அம்மாவும்தான், ஓராண்டுக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தோம். அவர் தங்கியிருந்த வீட்டில் இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. போய்ச் சேர்ந்த முதல் நாளே அடுப்பைப் பார்த்ததும் அது தெரிந்துவிட்டதாம்.

இதைத் தாயிடம் நான்தான் படித்துக் காட்டினேன். அவர் அங்கேயே மகனை அழைத்து, “அப்பவே சொல்லியிருந்தா வேற குக்கர் வாங்கி அனுப்பியிருப்பேனே” என்றார்.

“அதனாலதாம்மா சொல்லல” என்றார் மகன். “நீ வாங்கி அனுப்பிடுவேன்னுதான்.”